கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஆடிஷனுக்குப் போகிறவர்களுக்கு

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து நடிக்கப் போக நினைக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் இருப்பவர்களுக்கும் கொச்சியில் இருப்பவர்களுக்கும் யோசனை சொல்ல ஆள் நிறைய உண்டு. அதெல்லாம் நமக்குப் பாதிதான் பொருந்தும். நமக்குக் கொச்சி அரை நாள் வேலை, சென்னை ஒரு ராத்திரிப் பயணம். வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம். இரண்டு பக்கத்துப் படங்களுக்கும் முயற்சி செய்யலாம் என்பது நமக்கு வசதி. இரண்டு பக்கத்துக்கும் வண்டிச்செலவு ஆகும் என்பதுதான் தொல்லை.

அதனால் ரயில் ஏறுவதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுங்கள். ஆடிஷனில் முக்கால்வாசிப் பேர் கழிவது அந்த அறைக்குப் போவதற்கு முன்புதான். காகிதம் சரியில்லை, போட்டோ சரியில்லை, அனுப்பிய வீடியோ திறக்கவே இல்லை, இப்படி.

1. காகிதங்கள்

ஆதார், பான், வங்கிக் கணக்கு. மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நம் பக்கத்தில் இது லேசான காரியம் இல்லை. கேரளப் பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் வரும், பொள்ளாச்சியில் திறந்த வங்கிக் கணக்கில் முன்னால் வரும், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக விரிந்து நிற்கும். சம்பளம் போடுகிற கணக்காளருக்கு இது மூன்றும் மூன்று ஆள். படம் முடிந்த பிறகு இதற்காக அலைவதை விட இப்போதே கேரள அரசின் சேவை மையமான அக்ஷயாவில் உட்கார்ந்து ஆதாரைத் திருத்தி, அதை வைத்து மற்றதைத் திருத்துங்கள்.

பான் இல்லாதவர்கள் ஆதாரில் மொபைல் எண் இணைந்திருந்தால் வருமான வரித் துறையின் தளத்தில் உடனடி இ-பான் இலவசமாக எடுக்கலாம். ஏஜென்ட் வேண்டியதில்லை.

ஆடிஷனுக்கு ஆதார் நகல் கேட்டால் கொடுக்காதீர்கள். நடித்துக் காட்டுவதற்கு எந்த அடையாள எண்ணும் தேவையில்லை. வயதைப் பார்க்க வேண்டும் என்றால் நேரில் காட்டுங்கள், போதும். தேர்வாகி ஒப்பந்தம், சம்பளம் என்று பேச்சு வரும்போதுதான் நகல். அப்போதும் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதார் போதுமா என்று கேட்டுப் பாருங்கள்.

2. போட்டோவும் ஒரு பக்கக் குறிப்பும்

ஐந்து போட்டோ போதும். முகம் மட்டும் சிரிக்காமல் ஒன்று, இயல்பாகச் சிரித்து ஒன்று, இடப்பக்கம், வலப்பக்கம், முழு உருவம். காலை எட்டு, ஒன்பது மணிக்கு வீட்டுத் திண்ணையில் வெயில் நேராக முகத்தில் படாத இடத்தில் நின்று நல்ல போனில் எடுக்கலாம். பில்டர் போடக் கூடாது. முகத்தை வெளுப்பாக்கினால், நேரில் பார்க்கும்போது வேறு ஆள் வந்திருப்பதாக நினைப்பார்கள்.

"போர்ட்ஃபோலியோ இருந்தால்தான் உள்ளே விடுவார்கள்" என்று சொல்லி இருபதாயிரம், முப்பதாயிரம் கேட்கும் ஸ்டூடியோக்கள் கோவையிலும் உண்டு, கொச்சியிலும் உண்டு. மாடலிங்குக்கு வேண்டுமானால் அது சரி. நடிப்புக்கு வாடகைக் கோட்டும் புகை எந்திரமும் எதற்கு? முதல் வருடம் அந்தச் செலவு வேண்டாம்.

குறிப்பில் பெயர், வயது, உயரம், ஊர், போன், பேசும் மொழிகள், செய்த நாடகம் அல்லது குறும்படம், தெரிந்த வித்தைகள். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். புல்லட் ஓட்டத் தெரியும் என்று எழுதிவிட்டால் ஒரு நாள் பின்சீட்டில் ஆள் வைத்து ஓட்டச் சொல்வார்கள், லைசென்ஸையும் கேட்பார்கள். டிராக்டர் ஓட்டுவது, தென்னை ஏறுவது, மாடு கறப்பது, பறை அடிப்பது எல்லாம் நமக்குச் சாதாரணம். நகரத்துப் பிள்ளைகளிடம் அது கிடையாது. கூச்சப்படாமல் எழுதுங்கள்.

3. உங்கள் மொழி எந்த மொழி

நமக்கு மலையாளம் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்போம். சந்தையிலும் ஆபீஸிலும் அது போதும். கோட்டயத்துக்காரராகவோ கண்ணூர்க்காரராகவோ பேசச் சொன்னால் அரை நிமிடத்தில் நம் இழுவை தெரிந்துவிடும். மலையாளப் படங்களில் இப்போது பல, படப்பிடிப்பு நடக்கும்போதே ஒலியையும் பதிவு செய்துவிடுகின்றன. பிறகு டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்ற சமாதானம் அங்கே எடுபடாது. சென்னைக்குப் போனால் நேர்மாறு. இரண்டு வாக்கியம் பேசியதும் "தம்பி கேரளாவா?" என்று கேட்பார்கள்.

இதைக் குறையாக எடுத்துக்கொண்டு எல்லா வேடத்துக்கும் பொதுவான மொழி பேசப் பழகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. குறிப்பில் அப்படியே எழுதுங்கள்: தமிழ், தாய்மொழி, கொங்குச் சாயல், மலையாளம், பாலக்காட்டுப் பேச்சு. மலையாளப் படங்களில் தமிழ் பேசும் லாரி டிரைவர், எஸ்டேட் தொழிலாளி, வட்டிக்காரர், செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர் என்று வேடங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அந்த வேடத்துக்கு வருகிறவர் இயக்குநர் மலையாளத்தில் சொல்வதைப் புரிந்துகொண்டு தமிழில் நடிக்க வேண்டும். அதற்கு நம்மை விட்டால் யார்? சென்னை நாடகக் குழுவான கூத்துப்பட்டறையில் பயின்ற தமிழ் நடிகர் குரு சோமசுந்தரத்தை 2021-ல் வந்த மலையாளப் படம் 'மின்னல் முரளி'க்குப் பிறகு கேரளத்தில் தெரியாதவர் இல்லை. மொழி எல்லையைத் தாண்டினாலும் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நாடகப் பயிற்சிதான் என்பதையும் கவனியுங்கள்.

4. வகுப்பு சேருவதா, வேண்டாமா

முழுநேரப் படிப்புக்கு நமக்கு மிகப் பக்கத்தில் இருப்பது திருச்சூர் அரணாட்டுக்கரையில் காலிகட் பல்கலைக்கழகத்தின் ஸ்கூல் ஆஃப் டிராமா. 1977-லிருந்து நடக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் நாடகப் பட்டப்படிப்பில் சேரலாம். பாலக்காட்டுக் கல்லூரிகள் எந்தப் பல்கலைக்கழகமோ அதேதான், அதனால் விண்ணப்ப நடைமுறை உங்கள் அக்காவுக்கோ அண்ணனுக்கோ பழக்கமாக இருக்கும். பட்டம் முடித்து, நாடக அனுபவமும் இருப்பவர்கள் டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்று வருடப் படிப்புக்கும், அதன் பெங்களூரு மையத்தின் ஒரு வருடப் படிப்புக்கும் முயற்சி செய்யலாம். புனே திரைப்படக் கல்லூரியிலும் திரை நடிப்புப் படிப்பு உண்டு. இவை எல்லாவற்றுக்கும் விண்ணப்ப அறிவிப்பு வருடத்தில் ஒரு முறைதான் வரும், தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு. அதனால் அந்தந்தத் தளத்தை மாதம் ஒரு முறையாவது பாருங்கள்.

வார இறுதித் தனியார் வகுப்புகள்தான் சிக்கல். சில ஆயிரத்தில் தொடங்கி லட்சம் வரை சொல்கிறார்கள். ஜிஎஸ்டி பதிவுள்ள இடங்களில் சொல்கிற தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனியாக வரும், அதை அட்மிஷன் அன்றுதான் சொல்வார்கள். 40,000 என்றால் உண்மையில் 47,200. வாரம் இரண்டு நாள் கொச்சி வகுப்பு என்றால் மூன்று மாதத்தில் 24 தடவை போய்வர வேண்டும். போக்குவரத்தும் சாப்பாடும் ஒரு தடவைக்கு 500 என்று வைத்தாலும் 12,000. இதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை: ஒரு பேட்சில் எத்தனை பேர்? விளம்பரத்தில் இருக்கிற நடிகர் எத்தனை நாள் வருவார், மற்ற நாளில் யார் எடுப்பார்கள்? ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்க விடுவார்களா? நடுவில் நின்றால் எவ்வளவு திரும்ப வரும், அது எழுத்தில் இருக்கிறதா? "பார்க்க விடமாட்டோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். "படிப்பு முடிந்ததும் படத்தில் வாய்ப்பு உறுதி" என்றால் இன்னும் வேகமாக எழுந்து வந்துவிடுங்கள்.

நான் சேர்ந்த ஓர் இடத்தில் கடைசி மாதம் முழுக்க ஒரு குறும்படம். நல்ல விஷயம்தானே என்று நினைப்பீர்கள். கேமரா வாடகை, லைட் வாடகை, மதியச் சாப்பாடு எல்லாவற்றையும் பீஸ் கட்டிய மாணவர்களிடமே பங்கு போட்டு வாங்கினார்கள். அதிகப் பங்கு கொடுத்தவருக்கு நாயகன் வேடம். சேரும்போதே "இந்தத் தொகைக்கு மேல் வேறு ஏதாவது கட்ட வேண்டுமா?" என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கையில் காசு இல்லையா? ஊர் நாடகக் குழு, கல்லூரி நாடகம், வாசகசாலைக் கலை விழா, எதிலாவது சேர்ந்து ஒரு வருடம் மேடையில் நில்லுங்கள். திருச்சூரில் கேரள சங்கீத நாடக அகாடமி நடத்தும் பன்னாட்டு நாடக விழாவுக்கு வருடா வருடம் போய் உட்காருங்கள். பாலக்காட்டுப் பக்கத்துப் பொறாட்டு நாடகத்தைச் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். சோத்தியக்காரன் (கேள்வி கேட்பவர்) கேட்கக் கேட்க, வேடக்காரர் அந்த நேரத்துக்குத் தோன்றுவதைச் சொல்லிச் சமாளிப்பாரே, ஆடிஷன் அறையில் இம்ப்ரோவைஸ் பண்ணச் சொல்கிறார்களே, அது கிட்டத்தட்ட இதுதான்.

5. காஸ்டிங் கால்: எது நிஜம், எது பொய்

நடிக்க ஆள் வேண்டும் என்று இன்ஸ்டாகிராமிலும் பேஸ்புக்கிலும் தினமும் போஸ்டர் வரும். நிஜமானதில் இயக்குநர் பெயர் அல்லது தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் இருக்கும், அதே போஸ்டர் அவர்களுடைய சொந்தப் பக்கத்திலும் இருக்கும். வயது, பாலினம், எந்த ஊர்ப் பேச்சு வேண்டும் என்பதெல்லாம் குறிப்பாக இருக்கும். "பெரிய பேனர், பெரிய ஹீரோ, பெயர் சொல்ல முடியாது" என்றால் நகர்ந்துவிடுங்கள்.

பதிவுக் கட்டணம், ஆர்ட்டிஸ்ட் கார்டு, காஸ்ட்யூம் டெபாசிட், இன்சூரன்ஸ் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது ஏமாற்று. 500 ரூபாய்தானே என்று நினைக்க வேண்டாம். அது நீங்கள் பணம் கொடுக்கிற ஆளா என்று பார்ப்பதற்கு. அடுத்தது ஐயாயிரம். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். ஒரு மணி நேரம் தாமதித்தாலும் பணம் கை மாறிப் போய்விடும்.

இரவு நேரம், லாட்ஜ் அறை, "தனியாக வாருங்கள்" என்ற மூன்றில் எது வந்தாலும் போகாதீர்கள். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லவில்லை, பையன்களுக்கும்தான். மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலை பற்றிய ஹேமா கமிட்டி அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியான பிறகு வீட்டில் எல்லோருக்கும் இந்தப் பயம் வந்துவிட்டது. பயப்படுவதோடு விடாமல் கேட்கவும் பழகுங்கள். படப்பிடிப்புக் குழுக்களில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் சொல்லிவிட்டது. "உங்கள் யூனிட்டில் புகார்க் குழு பொறுப்பு யார்?" என்று கேட்கலாம். ஒழுங்கான இடத்தில் பெயரும் நம்பரும் சொல்வார்கள். கோபப்பட்டால் அதுவே பதில்.

6. செல்ஃப் டேப்

முதல் சுற்று இப்போது பெரும்பாலும் வீட்டிலிருந்து அனுப்பும் வீடியோதான். வசனம் வந்ததும் ஒன்றிரண்டு நாளில் அனுப்பச் சொல்வார்கள். மலையாள எழுத்தில் வந்து உங்களுக்கு வாசிக்க வரவில்லை என்றால் வாய்ஸ் நோட்டாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

போனை அகலவாக்கில் திருப்பி, நிறமில்லாத சுவர் முன்னால், நெஞ்சு வரை தெரிகிற மாதிரி வையுங்கள். ஜன்னல் உங்கள் முகத்துக்கு எதிரில் இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். பின்பக்கக் கேமராவில் எடுங்கள். அதன் கண்ணாடியை வேட்டி நுனியால் ஒரு முறை துடையுங்கள், பாதி வீடியோக்கள் மங்கலாக இருப்பதற்குக் காரணம் விரல் எண்ணெய்தான். ஃபேனை நிறுத்துங்கள். நம் பக்கத்தில் இன்னொரு தொல்லை மயில். விடிகாலையிலும் சாயங்காலமும் அது கத்தினால் நீங்கள் அழுகிற காட்சி சிரிப்புக் காட்சியாகிவிடும். நடுப்பகல்தான் தோது.

எதிர் வசனம் படிக்க ஆள் வேண்டும். எனக்கு எங்கள் அத்தைதான் படிப்பார். இன்ஸ்பெக்டர் மிரட்டுகிற வசனத்தைக்கூட ரேஷன் கடைப் பட்டியல் வாசிப்பது போல ஒரே சீராக வாசிப்பார். அதுதான் வேண்டும். படிப்பவர் நடிக்க ஆரம்பித்தால் பார்க்கிறவர் கவனம் அங்கே போய்விடும். அத்தையைக் கேமராவுக்கு ஒட்டினாற்போல் இடப்பக்கமோ வலப்பக்கமோ உட்காரவையுங்கள், அவர் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். லென்ஸைப் பார்க்க வேண்டியது அறிமுகம் சொல்லும்போது மட்டும். அவர் மைக்குக்குப் பக்கத்தில் இருப்பதால் குரலைத் தாழ்த்தி வாசிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர் குரல்தான் பெரிதாகக் கேட்கும்.

பெயர், வயது, உயரம், ஊர், மொழிகள், பிறகு இரண்டு பக்கமும் திரும்பிக் காட்டுவது. அப்புறம் காட்சி. இரண்டு விதமாக நடித்து இரண்டையும் அனுப்புங்கள்: ஒன்றில் கோபத்தை வெளியே காட்டி, இன்னொன்றில் அடக்கி. ஒரே மாதிரி இரண்டு அனுப்பிப் பயனில்லை. பிரபல நடிகர் பேசிய வசனத்தை அவர் குரலிலேயே பேசி அனுப்பாதீர்கள்.

அனுப்புவதிலும் ஒரு பொறி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாகப் போட்டால் தரம் குறைந்துவிடும், டாக்குமென்ட் ஆகப் போடுங்கள். கூகுள் டிரைவ் இணைப்பு என்றால் 'இணைப்பு உள்ள யாரும் பார்க்கலாம்' என்று மாற்றிவிட்டு, உங்கள் கணக்கு இல்லாத வேறு போனில் திறந்து பாருங்கள். அனுமதி கேட்டுக் காத்திருக்க அந்தப் பக்கம் யாருக்கும் நேரமில்லை. கோப்பின் பெயரில் உங்கள் பெயர், வயது, வேடம் மூன்றும் இருக்கட்டும்.

இரண்டு வாரத்தில் பதில் வரவில்லை என்றால் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை நினைவூட்டலாம். தினமும் "சேட்டா, என்னாச்சு?" என்று கேட்டால் நம்பரை பிளாக் பண்ணிவிடுவார்கள்.

7. நேரில் கூப்பிட்டால்

கொச்சி என்றால் எர்ணாகுளம் வரை போக வேண்டும் என்பதில்லை. பாலக்காடு ஜங்ஷனிலிருந்து போகிற பல ரயில்கள் அதற்கு முன்பே ஆலுவாயில் நிற்கும். அங்கேயே இறங்கி மெட்ரோ பிடித்தால் இடப்பள்ளி, கலூர் பக்கமெல்லாம் ஆட்டோ இல்லாமல் போகலாம். சென்னை என்றால் ராத்திரி ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் வடபழனி. சாலிகிராமம், வளசரவாக்கம், விருகம்பாக்கம் எல்லாம் அங்கிருந்து பக்கம். பத்து மணிக்கு ஆடிஷன் என்றால் பத்துக்கு வந்து சேரும் வண்டியை நம்பாதீர்கள்.

நிறமடங்கிய, எழுத்தோ கோடோ இல்லாத சட்டை. பையில் ஒரு வேட்டி அல்லது புடவை. சாப்பாடு, தண்ணீர், சார்ஜர். அரை நாள் காத்திருக்க வேண்டி வரும். இது வேண்டுமென்று செய்வதில்லை, எல்லா இடத்திலும் இப்படித்தான்.

உள்ளே பெரும்பாலும் ஒரு பிளாட்டின் ஹால்தான். தரையில் டேப் ஒட்டிய ஒரு குறி, முக்காலியில் கேமரா, சோபாவில் இரண்டு உதவி இயக்குநர்கள், ஒருவர் மடியில் லேப்டாப். எண் எழுதிய தாளை நெஞ்சருகே பிடிக்கச் சொல்வார்கள். அறிமுகம், காட்சி, அதன் பிறகு ஏதாவது ஒரு சூழ்நிலை. எனக்கு ஒரு முறை வந்தது, சில்லறை இல்லாத பஸ் கண்டக்டர். முன்னால் நடித்துவிட்டு வந்த பையன் கத்திக் கத்திச் சண்டை போட்டிருந்தான், ஹால் வாசல் வரை கேட்டது. நான் பயணியின் பத்து ரூபாய்க்குப் பதில் டிக்கெட்டின் பின்பக்கத்தில் பாக்கித் தொகையை எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த சீட்டுக்கு நகர்ந்தேன். அவ்வளவுதான் செய்தேன். லேப்டாப்காரர் தலையை நிமிர்த்தி, "ஒந்நு கூடி (இன்னொரு தடவை), இப்ப நீங்க அவரை ஏமாத்தறீங்க" என்றார். மறுபடி செய்யச் சொன்னால் முதலாவது மோசம் என்று நினைத்து முகம் வாடிவிடாதீர்கள். சொன்னதை வாங்கிக்கொண்டு மாற்றுகிறீர்களா என்று பார்க்கிறார்கள். மாற்றாமல் அதையே இன்னும் சத்தமாகச் செய்கிறவர்கள்தான் அங்கே கழிகிறார்கள்.

8. குழந்தையை அழைத்துப் போகிறவர்களுக்கு

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகள்படி 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை நடிக்கவைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதியைத் தயாரிப்பாளர் வாங்க வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். அனுமதி நகலைக் கேட்டு வாங்குங்கள். பரீட்சை மாதத்தில் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

9. தேர்வானால்

சந்தோஷத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவோம். எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு, பேட்டா (தினப்படி) தனியா, போக வர யார் செலவு, தங்குமிடம் எங்கே, பணம் எப்போது, பெயர் திரையில் எப்படி வரும், இவ்வளவையும் மெசேஜில் எழுதி அனுப்பி "சரிதானே?" என்று கேளுங்கள். சின்ன வேடத்துக்கு ஒப்பந்தத் தாள் தராத இடங்களில் அந்த மெசேஜ்தான் உங்கள் ஆதாரம்.

பொள்ளாச்சியிலும் ஒற்றப்பாலத்திலும் படப்பிடிப்பு நடக்கும்போது கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட்கள் வருவார்கள். தளம் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒன்றிரண்டு நாள் போகலாம். கூட்டத்தில் நிற்கும்போது இயக்குநர் கண்ணில் பட்டுவிடுவோம் என்று எண்ணி வேலையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஏஜென்ட் கமிஷன் எவ்வளவு என்பதை வண்டி ஏறும் முன்பே கேளுங்கள்.

சம்பள வவுச்சரில் தொகை எழுதாமல் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டதும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் 10 சதவீதம் வரி பிடித்துத் தருவார்கள், பான் எண் கொடுக்கவில்லை என்றால் 20. பிடித்த பணம் உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் துறையின் தளத்தில் பாருங்கள். ஏறியிருந்து, உங்கள் வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால், கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். ஏறவில்லை என்றால் வவுச்சர் படத்தோடு தயாரிப்பு நிர்வாகிக்கு எழுதுங்கள். படம் வெளியாவதற்கு முன்பே எழுதிவிடுங்கள், வெளியான பிறகு அந்த அலுவலகத்தில் யார் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.